பாத்டப்புக்குப் பூச்சா, புதுத் தொட்டியா, வெறும் தரையா? பழைய ஃபிளாட் பாத்ரூமுக்கு ஒரு கணக்கு

தொண்ணூறுகளில் சென்னையில் கட்டிய ஃபிளாட்டுகள் சிலவற்றில், பெரிய படுக்கையறையை ஒட்டிய பாத்ரூமில் ஒரு பாத்டப் இருக்கும். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கதவைத்தான் முதலில் திறந்து காட்டுவார்கள். குடிவந்த பிறகு அதில் யாரும் காலை நீட்டிப் படுத்துக் குளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டுத் தொட்டிக்குள் இரண்டு வாளி, ஒரு மணை, மழைக்காலத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டு. அம்மா அதற்குள் ஏறி நின்றுதான் வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிப்பார்.

2019 கோடையில் மட்டும் அது தன் விலைக்கு உழைத்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம். லாரி வந்த அன்று தொட்டியை விளிம்புவரை நிரப்பி, பழைய வேட்டியைப் போர்த்தி வைத்துவிடுவோம். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் இரண்டு நாள் ஓடும்.

நாளடைவில் எனாமல் தேய்ந்துவிட்டது. வேஸ்ட் ஓட்டையைச் சுற்றித் துருக்கறை. பக்கத்தில் இருந்த வாஷ் பேசினில் மயிரிழை விரிசல், அது ராணிப்பேட்டையில் செய்தது என்ற முத்திரைகூடப் பாதி அழிந்துவிட்டது. கீழ்வீட்டுக் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு ஈரக்கறை. இந்த மூன்றும் சேர்ந்துதான் பெரும்பாலான வீடுகளில் வேலையைத் தொடங்க வைக்கும். எங்களுக்கும் அப்படித்தான். நாங்கள் முடித்த பிறகு அதே கட்டடத்தில் இரண்டு பேரும், தாம்பரத்தில் இருக்கும் என் அக்காவும் இதே கேள்வியோடு வந்தார்கள்: தொட்டிக்குப் பூச்சு அடிப்பதா, புதுத் தொட்டி வைப்பதா, எடுத்தே விடுவதா? பேசின் எது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீடுகளில் பத்தில் எட்டுக்குத் தொட்டி வேண்டாம். ஆனால் கடையில் நின்று தொட்டியைப் பார்த்து எடுக்கிற முடிவு இது இல்லை. தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டியது.

## எதை வைத்து எடைபோடுவது

யார் குளிக்கிறார்கள். இன்று மட்டும் இல்லை, பத்து வருடம் கழித்தும். தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடி. எழுபது வயதில், ஈரக்காலோடு, ஒற்றைக் காலில் நின்று அதைத் தாண்ட வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடு என்றால் இதை இரண்டு மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் வழிந்த எனாமல் தரையில் பழகினவர்களுக்கே கால் நிற்காது.

எந்தத் தண்ணீர். மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரியா. உப்புத் தண்ணீர் என்றால் கண்ணாடித் தடுப்பு, கறுப்பு பேசின், பளபளப்பான குழாய் எல்லாமே வாரம் ஒருமுறை உங்களிடம் வேலை வாங்கும்.

கீசர் எவ்வளவு. இதை யாரும் கேட்பதில்லை. கீழே கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

எத்தனை நாள் பாத்ரூம் இல்லாமல் இருக்க முடியும். வீட்டில் இன்னொரு பாத்ரூம் இருந்தால் கவலை இல்லை. ஒன்றுதான் என்றால் மற்ற எல்லா அளவுகோலையும் இது முந்திவிடும்.

கசிவு எங்கிருந்து வருகிறது. இதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

## கடப்பாரை எடுப்பதற்கு முன்: கீழ்வீட்டுக் கறை

பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "டப்பைத் தூக்கிட்டாப் போதும் சார், எல்லாம் சரியாயிடும்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கறைக்கு நான்கு இடங்கள் காரணமாக இருக்கலாம்: தண்ணீர் வரும் பைப், தொட்டியின் உடம்பு, தண்ணீர் போகும் வழி, சுவர் டைல்ஸின் இடுக்கு. நான்குக்கும் செலவு வேறு வேறு.

நாங்கள் செய்தது இது. கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டு, கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டோம். இரண்டு நாள் அந்த பாத்ரூமை யாரும் பயன்படுத்தவில்லை, வால்வை மட்டும் திறந்தே வைத்தோம். கறை வளர்ந்தால் தண்ணீர் வரும் லைனில் கசிவு. வளரவில்லை. அடுத்து தொட்டியை அடைத்து, சுவரில் ஒரு சொட்டுப் படாமல் நிரப்பி, ஒரு நாள் விட்டோம். அப்போதும் மாற்றமில்லை, தொட்டி நல்ல தொட்டிதான். பிறகு அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஒரேயடியாக இறக்கினோம். மறுநாள் காலை அக்கா போன் செய்தார்: "கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் வந்திருக்கு."

ஆக, கசிவது தொட்டியின் வேஸ்ட் பைப் ட்ராப்பில், அதாவது தரைக்கு அடியில் கழிவுநீர் போய்ச் சேரும் வளைவில், சேரும் இணைப்பு. இந்த இடத்துக்குத் தொட்டியை எடுக்காமல் கை போகாது.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபிளாட்டுகளில் பாத்ரூம் தளத்தை ஓர் அடிபோலத் தாழ்த்திக் கட்டி, பைப் பதித்து, மேலே செங்கல் ஜல்லியோ நிலக்கரிச் சாம்பலோ போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பல் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மெதுவாக விடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி கொடுங்கள், அவசரப்பட்டால் தப்பான குற்றவாளியைப் பிடிப்பீர்கள்.

## வழி ஒன்று: பழைய தொட்டிக்கே புதுப் பூச்சு

மேல்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இரண்டு பொருள் கலந்து அடிக்கும் எபாக்ஸி வகைப் பூச்சு. அடித்து முடித்து ஒன்று அல்லது இரண்டு நாள் காயவிட்டால் தொட்டி புதிதுபோல இருக்கும். இடிப்பு இல்லை, மண் மூட்டை இல்லை, அசோசியேஷன் அனுமதி தேவையில்லை. செலவும் மூன்றில் இதுதான் குறைவு.

மறைந்திருக்கும் விலை என்ன? முதலில் நாற்றம். ஜன்னல் சிறியதாக இருந்தால் வீட்டில் குழந்தையையோ ஆஸ்துமாக்காரரையோ வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அடுத்தது ஆசிட். நம் வீடுகளில் பாத்ரூம் கழுவ வருகிறவர் கையில் ஆசிட் பாட்டில் இருக்கும். இரண்டு முறை ஊற்றினால் பூச்சு தோல் உரியும். முக்கியமாக, கசிவுக்கு இது மருந்தே இல்லை. மேலே பளபளக்கும், கீழ்வீட்டில் சொட்டும்.

வாடகைக்கு விடப்போகிற வீடு, கசிவே இல்லாத தொட்டி, அடுத்த மூன்று நான்கு வருடத்தில் எப்படியும் முழு பாத்ரூமையும் மாற்றப்போகிறோம் என்ற நிலை. இதற்கெல்லாம் பூச்சு போதும்.

## வழி இரண்டு: பழையதை எடுத்துவிட்டுப் புதுத் தொட்டி

ஐந்தடிக்கு இரண்டரை அடி அக்ரிலிக் தொட்டியை இரண்டு பேர் தூக்கிவிடலாம். பழைய வார்ப்பிரும்புத் தொட்டி நூறு கிலோவைத் தாண்டும், நான்கு பேர் வேண்டும், லிஃப்டில் ஏற்ற விடமாட்டார்கள். முன்னால் கட்டியிருக்கும் செங்கல் சுவரை உடைத்தால்தான் அது வெளியே வரும்.

உடைத்ததும் ஒரு காட்சி தெரியும். தொட்டி மறைத்திருந்த சுவரிலும் தரையிலும் டைல்ஸே இருக்காது. வெறும் சிமெண்ட், உடைந்த செங்கல், முப்பது வருடக் குப்பை. எங்கள் கொத்தனார் டார்ச் அடித்துக் காட்டினார்: தொண்ணூறுகளின் பான்பராக் கவர் என்று சத்தியம் செய்யலாம் போல ஒன்று சுருண்டு கிடந்தது. புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் சின்னதாகவோ தாழ்வாகவோ இருந்தால் அந்த மொட்டைச் சுவர் வெளியே தெரியும். பழைய டைல்ஸ் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே "தொட்டி மட்டும் மாற்றுகிறோம்" என்று தொடங்குகிற வேலை பெரும்பாலும் மூன்று சுவர் டைல்ஸில் போய் முடியும். தொட்டி வாங்கும்போது விலையைவிட நீளம், அகலம், விளிம்பு உயரம், வேஸ்ட் ஓட்டை வலதா இடதா என்பதைத்தான் முதலில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது கீசர் கணக்கு. படுத்துக் குளிக்கும் அளவுக்கு நிரப்ப 150 லிட்டராவது வேண்டும். வீட்டில் இருப்பது 25 லிட்டர் கீசர் என்று வையுங்கள். 60 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரை 27 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது சுமார் 63 லிட்டர். பாதித் தொட்டிகூட இல்லை. அடுத்த 25 லிட்டர் சூடாக, 2 கிலோவாட் கீசருக்கு அரைமணி நேரம் ஆகும். அதற்குள் முதலில் நிரப்பியது ஆறிப்போகும். தொட்டிக் குளியல் வேண்டுமென்றால் 50 லிட்டருக்கும் மேற்பட்ட கீசர் வாங்க வேண்டும், அதைத் தாங்கும் சுவரும் வேண்டும். ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியும் தொட்டிதான் வேண்டும் என்றால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்சுவரில், ட்ராப் இருக்கும் இடத்துக்கு நேராக, ஓர் அடிக்கு ஓர் அடி கழற்றும் மூடி வைக்கச் சொல்லுங்கள். அது இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அந்த இணைப்பை அரைநாளில் சரிசெய்திருக்கலாம். அடுத்து, சுவரும் தொட்டியும் சேரும் இடத்தில் சிலிக்கான் பூசும்போது தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும். காலித் தொட்டிக்குப் பூசினால், முதல் குளியலின் எடையில் தொட்டி ஒரு நூல் இறங்கும், சிலிக்கான் கிழியும், கசிவு மறுபடி தொடங்கும்.

யாருக்கு இது சரி? சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு, முதுகு வலிக்கு வெந்நீரில் அமிழ்ந்திருக்கச் சொல்லப்பட்டவர்கள், இரண்டாவது பாத்ரூம் உள்ளவர்கள். உண்மையிலேயே தொட்டிக் குளியல் பிடித்தவர்களும்தான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. வாங்கி வைத்து வாளி அடுக்குபவர்களைத்தான் சொல்கிறேன்.

## வழி மூன்று: தொட்டி இல்லாத தரை

தொட்டி இருந்த இடத்தைத் தரையாக்கி, ஷவரும் வாளிக் குழாயும் சேர்த்து வைப்பது. நாங்கள் எடுத்தது இதுதான். மூன்றில் அதிக இடிப்பு இதில்தான். ஆனால் நிரப்பலைத் தோண்டி எடுத்து, பைப்பை மாற்றி, கசிவை அதன் ஊற்றிலேயே அடைக்க முடிகிற வழியும் இதுதான்.

பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பில்லில் ஷவர், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் மிக்சர், பேசின், குழாய் எல்லாம் சேர்த்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மீதி இடிப்புக் கூலி, பைப், வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், டைல்ஸ் ஒட்டும் கூலி, மூட்டை தூக்கும் கூலி. எட்டுக்கு ஐந்தடி பாத்ரூமிலிருந்து எவ்வளவு மண் வரும் என்று நினைக்கிறீர்கள்? சிமெண்ட் சாக்கில் எண்ணிக்கொண்டு வந்தேன், அறுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். இரண்டாவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக, தெருவில் வைக்க முடியாமல், அன்றன்றைக்கே வண்டியில். முதல் எஸ்டிமேட்டில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொரு மறைந்த செலவு பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். ஷவர் குழாயைக் கழற்றத் திருகினதும் சுவருக்குள் இருந்த மரை பொடிப்பொடியாக வந்தது. உள்ளே துரு ஏறி, பென்சில் போகும் அளவுக்குத்தான் ஓட்டை. "ஏன் ஷவர்ல தண்ணி சன்னமா வந்துச்சுன்னு இப்ப தெரியுதா?" என்றார் பிளம்பர். முழு லைனையும் வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.க்கு மாற்றினோம். சுவர் திறந்திருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை, ஒட்டிய புது டைல்ஸை உடைத்துச் செய்கிற கொடுமை வேண்டாம்.

வாட்டர்ப்ரூஃபிங்கில் சிக்கனம் பிடிக்காதீர்கள். தரை முழுக்க, எல்லாச் சுவரிலும் ஓர் அடி உயரம், ஷவர் நனைக்கும் சுவரில் ஆறடி. பூசிக் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டி, மட்டத்தில் கோடு போட்டு 48 மணி நேரம் விட வேண்டும். மேஸ்திரி ஒரு ராத்திரி போதும் என்பார். வேண்டாம். கீழ்வீட்டுக் கூரையை நீங்களே போய்ப் பாருங்கள்.

தரைக்கு இரண்டடி நாலடி டைல்ஸ் அழகாக இருக்கும், ஆனால் ட்ராப்பை நோக்கி நான்கு பக்கமும் சரிவு கொடுக்க முடியாது. ஷவர் பகுதிக்கு ஓர் அடி டைல்ஸோ அதைவிடச் சிறியதோ போடுங்கள். இடுக்குகள் அதிகமாக இருப்பதால் கால் பிடிக்கும், சரிவும் வரும். மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. சரிவு போதும். பசை இறுகுவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், எங்கே தேங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ட்ராப்புக்கு மேல் கழற்றி எடுக்கிற ஜாலி (ஓட்டை போட்ட மூடி) அவசியம். சீயக்காய்த் தூளும் முடியும் சேர்ந்தால் அது சாணி உருண்டை மாதிரி இறுகிவிடும், வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும்.

கண்ணாடித் தடுப்பு? தாம்பரத்து அக்கா வீட்டில் போர் தண்ணீர். ஆசைப்பட்டுப் போட்ட கண்ணாடி மூன்று மாதத்தில் பால் ஊற்றியதுபோல ஆகிவிட்டது. இப்போது குளித்து முடித்ததும் வைப்பர் போட்டு இழுக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம். உப்புத் தண்ணீர் என்றால் பிளாஸ்டிக் திரையே மேல்.

முதியவர் இருந்தால் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு அங்குல உயரத்தில் கிரானைட் திண்டு ஒன்று, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று. கம்பி செங்கல் சுவரில் போல்ட் போட்டு இறுக்கினதாக இருக்க வேண்டும், டவல் மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு விழுவோம்.

| | பூச்சு | புதுத் தொட்டி | தரை |
|---|---|---|---|
| பாத்ரூம் முடங்குவது | 2–3 நாள் | ஒரு வாரம், டைல்ஸ் சேர்ந்தால் பத்து நாள் | இரண்டு வாரம் |
| கீழ்வீட்டுக் கசிவு | தீராது | இணைப்பில் என்றால் தீரும் | தீரும், ஒழுங்காகச் செய்தால் |
| ஒரு குளியலுக்குத் தண்ணீர் | 150 லிட்டர் | 150 லிட்டர் | வாளி என்றால் 40, எட்டு நிமிட ஷவர் என்றால் 70–80 |
| முட்டி வலிக்காரருக்கு | சிரமம் | சிரமம் | நல்லது |

## வாஷ் பேசின்: மூன்றில் எது

இது தொட்டி அளவுக்குத் தலைவலி இல்லை. ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: பேசினின் கழிவுப் பைப் தரைக்குப் போகிறதா, சுவருக்குள் போகிறதா?

சுவரில் மாட்டும் சாதா பேசின். விலை குறைவு, கீழே தரை முழுக்கத் துடைக்கலாம், பைப் வெளியே தெரியும். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் போல்ட் நன்றாகப் பிடிக்கும். கையை ஊன்றி எழுபது கிலோவும் சாய்கிற ஆள் வீட்டில் இருந்தால், ஒட்டும் இடத்தில் ஒயிட் சிமெண்டை மட்டும் நம்பக்கூடாது. தண்ணீர் போகும் வழி கண்ணுக்குத் தெரிவதால் பழுது பார்ப்பது சுலபம். என் ஓட்டு இதற்கு.

கால் வைத்த பேசின். பழைய பைப் தரைக்குப் போகிறது என்றால், உடைக்காமல் முடிகிற வழி இதுதான், காலுக்குள் பைப் மறைந்துவிடும். காலுக்குப் பின்னால் சேரும் அழுக்கை யாராலும் எடுக்க முடியாது, அதோடு வாழப் பழக வேண்டும்.

கிரானைட் மேல் கிண்ணம். ஓட்டலில் பார்த்து எல்லாரும் கேட்பது. பொருட்கள் வைக்க மேடை கிடைக்கிறது, அது உண்மையான வசதி. ஆனால் கிண்ணத்தின் விலையோடு நிற்காது. கிரானைட், ஓட்டை போடும் கூலி, உயரமான தனிக் குழாய், கீழே அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சேரும். அலமாரிக்கு பிளைவுட் வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் உப்பிவிடும். பி.வி.சி. பலகை போதும். உயரம்தான் எல்லாரும் சறுக்குகிற இடம். பேசினின் விளிம்பு தரையிலிருந்து 32, 33 அங்குலம் இருக்க வேண்டும். மேடையையே அந்த உயரத்தில் போட்டு அதன்மேல் ஐந்தங்குலக் கிண்ணம் வைத்துவிடுவார்கள். பிறகு முகம் கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போகும். மேடை 28 அங்குலத்தில் இருக்கட்டும். வீட்டில் குள்ளமானவரை நிற்க வைத்துச் சுவரில் கோடு போட்ட பிறகு கிரானைட்டுக்குச் சொல்லுங்கள்.

எது வாங்கினாலும் வெள்ளையில் வாங்குங்கள். கறுப்பு பேசினில் நம் தண்ணீர் எழுதும் கோலம் தினமும் தெரியும். பேசினைப் பைப்போடு இணைக்கும் சில்லறைச் சாமான்களான ஆங்கிள் காக், கனெக்‌ஷன் பைப், வேஸ்ட் கப்ளிங், பாட்டில் ட்ராப் நான்கையும் பழையதிலிருந்து கழற்றி மாட்ட விடாதீர்கள்.

## வேலை நடக்கும்போது

தொட்டியையும் பேசினையும் இரண்டு தவணையாகச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். பூச்சு என்றால் தாராளமாக. வழி இரண்டோ மூன்றோ என்றால் கூடாது, ஒரே பைப் லைன், ஒரே தரை, ஒரே ஆள். மெயின் வால்வு எங்கே இருக்கிறது, அது மூடுகிறதா என்பதை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் அது இறுகிப்போய், மொட்டைமாடி டேங்கையே அடைத்து, ஆறு வீட்டுக்காரர்களும் மதியம் வரை என்னைத் திட்டினார்கள்.

பழைய தொட்டியைக் கடாச வேண்டாம். வார்ப்பிரும்பு என்றால் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். ஃபைபர் என்றால் காசு கொடுத்தாலும் எடுக்க மாட்டார், மாடியில் மண் போட்டு வாழையோ கறிவேப்பிலையோ வைக்கலாம்.

பைப் பதித்து முடித்து, சுவர் பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் டேப்பைப் பிடித்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் டவல் கம்பி மாட்ட வந்த பையன் டிரில்லைச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பி, "சார், இங்க பைப் போகுதா?" என்றான். போனைத் திறந்து காட்டினேன். டிரில்லை நான்கு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினான்.